கையில் ஒட்டிய பிசின்

"இந்த இலையில வீரியமே இல்லம்மா" என்றார் அம்பலவாணர்.

அவருக்கு ஐம்பது வயது. அரண்மனையில் வைத்தியம் பார்த்தவர். தன்னைவிடப் பத்து வயது இளைய மலை வைத்தியர் பொன்னுருவியிடம் பாடம் கேட்க வந்ததே தன் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்.

பொன்னுருவி சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். "யாருக்குக் கொடுத்தீங்க?"

"பரிசல்காரர் சடையனுக்கு. குடல்புண். கஞ்சா இலையை ஏழு தண்ணியில கழுவி, நிழல்ல காயவச்சு, கண்ணுக்குத் தீட்டுற மை மாதிரி அரைச்சேன். இருபது நாளாச்சு. ஆள் துரும்பா இளைச்சதுதான் மிச்சம்."

"பத்தியம்?"

அம்பலவாணர் நெஞ்சை நிமிர்த்தினார். "என் பத்தியத்துல எவனும் குறை சொல்ல முடியாது. நெய், எண்ணெய் வாடையே ஆகாதுன்னுட்டேன். வெறும் வயித்துல, வெந்நீர்ல மருந்து."

பொன்னுருவி சோற்றுக்கு நெய்ச் சட்டியை எடுத்து வைத்தார்.

"இன்னும் மூணு நாள் பார்ப்பேன். வலி குறையலைன்னா மருந்துப் பையை ஆத்துல வீசிட்டு மலை இறங்கிடுவேன்."

"சரி. கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

காலையில்தான் அம்பலவாணர் புதுக் கஞ்சாக் கொத்து ஒன்றைக் கசக்கியிருந்தார். உள்ளங்கை முழுக்கக் கறுத்த பிசின். சுனை நீரில் கழுவினார். போகவில்லை. வெந்நீர் வாங்கிக் கழுவினார். மணலைப் போட்டுத் தேய்த்தார். தோல் சிவந்தது, பிசின் அப்படியே இருந்தது.

"இது தண்ணிக்கு அசையாது போலிருக்கே" என்று எரிந்து விழுந்தார்.

பொன்னுருவி சோற்றுக்கு வைத்திருந்த நெய்யில் ஒரு கரண்டி எடுத்து அவர் உள்ளங்கையில் விட்டார்.

தேய்த்தார். கறுப்பு இளகி நெய்யோடு வந்தது. இலையின் வீரியமெல்லாம் இந்தப் பிசினில்தானே, வெந்நீரில் அது எப்படி இறங்கும்?

அம்பலவாணர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இலையில் சோறு ஆறியது. காது மடல் வரைக்கும் அவருக்கு வெட்கம் ஏறியது.

"அந்த நெய்ச் சட்டியைக் கொடுங்கம்மா."

"சாப்பிடலையா?"

"சடையன் சாப்பிட்டப்புறம்."

ஆற்றங்கரை வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் கையில் நெய்யைக் கண்டதும் சடையனின் மனைவி குருவம்மா மிரண்டுபோனாள். இருபது நாளாக அவர் விஷம் என்று விலக்கிவைத்திருந்த நெய் அது.

அவரே அடுப்பைப் பற்றவைத்தார். நெய்யில் இலைப்பொடியைப் போட்டு இளஞ்சூட்டில் காய்ச்சி, குழைந்த சோற்றில் பிசைந்து சடையனுக்கு ஊட்டினார்.

"மருந்த மாத்திட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள் குருவம்மா.

முன்பெல்லாம் யாராவது இப்படிக் கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்று நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"மருந்து அதேதாம்மா. வைத்தியன்தான் மாறியிருக்கான்."