ஆடி கழியட்டும்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் எங்கள் மடம் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஓர் அடுப்படி, மேலே தகரக் கூரை. சாமிக்கு இன்னும் நாற்பது வயது நிறையவில்லை. முன்பு நில அளவை ஆபீசில் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தவர். நான் அங்கே சமையல்.

யாராவது வந்து எதையாவது கேட்டால் சாமி ஒரு கதை சொல்வார். வந்தவர் கதையை எடுத்துக்கொண்டு போய்விடுவார், கேள்வி இங்கேயே கிடக்கும். கெட்டிக்கார மனுஷன் என்று நானே பலமுறை நினைத்திருக்கிறேன். பவளம் வந்த அன்று அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லவில்லை.

பவளம் சாமியின் சிஷ்யை. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை. வயது நாற்பத்தாறு. தன்னைவிட மூத்தவள் என்பதால் சாமி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வராமல் அங்கேயே தங்கிவிட்ட சொந்தம் இன்னும் பதுளைப் பக்கம் இருக்கிறது.

அவளுக்கும் அவள் கணவர் ராசரத்தினத்துக்கும் பிள்ளை இல்லை. பதுளையில் ஓர் இல்லத்திலிருந்து பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கப் போகிறார்கள். மறுநாள் மதுரையில் விமானம். திங்கட்கிழமை அங்கே கோர்ட்டில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குழந்தையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

மதுரைக்கே புறப்பட்டு, பெட்டியோடு வந்திருந்தார்கள். ராசரத்தினம் ஜீப்பைக் கீழே ரோட்டோரத்தில் நிறுத்திக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார். பவளம் மட்டும் மேலே ஏறி வந்தாள். கையில் ஒரு படிவம்.

"பேர் எழுதணும் சாமி. அந்த இடம் மட்டும் காலியா இருக்கு. உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்."

"போன தடவை முகிலான்னு வச்சோமே."

"அதையே வச்சிடலாமான்னு கேக்கறார்."

"அந்தப் பேரை அந்தப் பிள்ளைக்குக் குடுத்தாச்சு. குடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா?"

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளை என்றது மூன்று வருஷத்துக்கு முந்தைய சங்கதி. இதே இல்லத்தில் ஒரு குழந்தை இருந்தது. இரண்டு மாதக் குழந்தை, போட்டோ வந்திருந்தது. பவளம் அந்தப் போட்டோவைத் தொடையில் வைத்துக்கொண்டு, குனிந்து, முகிலா முகிலா முகிலா என்று மூன்று தடவை சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். புறப்பட வேண்டிய தேதி ஆடி மாதத்தில் விழுந்தது. இருபது நாள் பொறுக்கச் சொல்லி இவர்கள் இல்லத்துக்கு எழுதினார்கள். ஆவணி பிறந்து டிக்கெட் போடுவதற்குள் குழந்தையை வேறொரு தம்பதி கூட்டிப் போய்விட்டார்கள். எந்த ஊர், என்ன பேர் என்று சொல்ல மாட்டார்களாம். சொல்லக் கூடாதாம்.

"பேர் வேண்டாம் சாமி. நான் போகலை" என்றாள் பவளம்.

"ஏன்?"

"எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கத் தகுதி இல்லை. நீங்கதான் அவர்கிட்ட பக்குவமா சொல்லணும்."

நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றேன். இப்போது ஒரு கதை வரும் என்று எதிர்பார்த்தேன். ராஜாவோ, ஆற்றங்கரையோ, ஏதோ ஒன்று.

"போன தடவை ஆடி கழியட்டும்னு சொன்னது யாரு அக்கா?" என்றார் சாமி.

"நீங்க."

"எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமா?"

பவளம் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாது. அன்னைக்கு நீங்க பயந்து போய் வந்திருந்தீங்க. வாசல்ல கால் வைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தைரியம் சொல்லணும்னா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசணும். ஆடி கழியட்டும்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். இலையில சோறு ஆறிக்கிட்டு இருந்தது. அதனால சொன்னேன்."

அவர் குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. அன்று இலை போட்டவன் நான். சாமி, ரசம் ஆறுது என்று இரண்டு தடவை கூப்பிட்டவனும் நான்தான்.

"அதுக்கப்புறம் யாருக்கும் நான் நாள் சொல்றதில்லை. அதனால என்ன? அந்தக் குழந்தை திரும்பியா வரும்?" என்றார் சாமி.

"நீங்க மட்டும் இல்லை சாமி" என்றாள் பவளம்.

"சொல்லுங்க."

"மாமியார் ஆடியில போகக் கூடாதுன்னு பிடிவாதம் பிடிக்கிறாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்ல."

"ஆமா."

"அவங்க அப்படிச் சொல்லவே இல்லை. நானாத்தான் சொன்னேன். உங்ககிட்டயும் சொன்னேன், அவர்கிட்டயும் சொன்னேன்."

"எதுக்கு பயம்?"

"நான் தூக்கினதும் அழுதுச்சுன்னா? அங்க இருக்கிற எல்லார் கையிலயும் சும்மா இருந்துட்டு என் கைக்கு வந்ததும் அழுதுச்சுன்னா? ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. இன்னும் இருபது நாள் கிடைச்சா பழகிடும்னு நினைச்சேன்."

கைகளை மடியில் கோத்துக்கொண்டு பவளம் மேலே சொன்னாள்.

"பிள்ளை போச்சுன்னு லெட்டர் வந்த அன்னைக்கு அவர் அவங்க அம்மாவைப் பார்த்து, உன்னாலதான்னு ஒரு வார்த்தை சொன்னார். அன்னையிலருந்து அவங்க கையால சோறு வாங்கிச் சாப்பிடலை. ஒரே வீடு, ரெண்டு வருஷம். அவங்க வாயைத் திறந்து நான் அப்படிச் சொல்லலடான்னு சொல்லியிருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அவ்வளவுதான். போன மாசியில செத்தும் போயிட்டாங்க."

"அவருக்கு இன்னும் தெரியாது."

"தெரியாது."

"சொல்லணும்."

"சொன்னா ஜீப்பைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவார். திங்கக்கிழமை ரெண்டு பேரும் நிக்கணும் சாமி. இந்தப் பிள்ளையும் போயிடும்."

"சொல்லாட்டி நீங்க போகப் போறதில்லை. அப்பவும் போயிடும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போறேன். போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடறோம். வந்து ஒரு நல்ல நாள் பார்த்து, அவர் மனசு குளிர்ந்திருக்கிற நேரமா..."

"இதுக்கும் நாள் பார்க்கணுமா அக்கா?"

பவளம் எழுந்தாள். படிவத்தை நாலாக மடித்தாள், பிறகு பிரித்தாள், கோர்ட்டுக் காகிதம் மடிப்பு விழக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ. செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கினாள்.

எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் ரோடு தெரியும், பேச்சுக் கேட்காது. அவள் ஜீப்பின் ஜன்னலோரம் நின்று பேசினாள். ராசரத்தினம் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவளைத் தாண்டி நடந்து போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டார். அவருக்கு முதுகு அகலம். அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபமாக வந்தது. பவளத்தின் மேலா, சாமியின் மேலா, என் ரசத்தின் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இலை போடவா?" என்று உள்ளே போய்க் கேட்டேன்.

"அவங்க வரட்டும்."

"வருவாங்களோ என்னமோ. சோறு ஆறிடும் சாமி."

"ஆறட்டும்."

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பவளம் ஏறி வந்தாள். சேலை ஓரமெல்லாம் செம்மண். முகம் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னார்?" என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"ஒண்ணும் பேசலை. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். திரும்பி வந்து ஃபாரத்தை வாங்கினார். பானெட் மேல வச்சு எழுதினார். பெட்டியைத் தூக்கி ஜீப்புக்குள்ள பின்னால வச்சார். ஸ்டார்ட் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கார்."

படிவத்தைச் சாமியிடம் நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். குழந்தையின் பெயர் என்று இருந்த இடத்தில் கட்டைக் கட்டையான எழுத்தில் காத்தாயி என்று இருந்தது. ராசரத்தினத்தின் அம்மா பெயர்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமியார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக மருமகளாக இருந்தவள், அந்தப் பேரை ஒருமுறைகூட உச்சரித்திருக்க மாட்டாள். இப்போதும் விரலால் தொட்டுத்தான் காட்டினாள்.

"இதைச் சொல்லித்தான் இனிமே கூப்பிடணும்."

"ஆமா" என்றார் சாமி.

"வீட்டுல கூப்பிட வேற பேர் வச்சுக்கலாமான்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம்னு."

"சரி."

"எழுந்திரிடின்னாலும் இந்தப் பேர்தான். சாப்பிட வாடின்னாலும் இந்தப் பேர்தான். ஒவ்வொரு தடவையும் அவங்க ஞாபகம் வரும் சாமி. அவங்க ஞாபகம் வந்தா அந்தப் பிள்ளை ஞாபகம் வரும். எங்க இருக்கோ, யாரு கையில இருக்கோன்னு வரும். நான் என்ன பண்றது?"

கீழே ஜீப் ஒருமுறை ஹாரன் அடித்தது. சாமி படிவத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். கதை எதுவும் சொல்லவில்லை.

"வரும் அக்கா. வராம இருக்காது. வர்ற நேரத்துல, கையில இருக்கிற பிள்ளையைக் கீழ வச்சிடாதீங்க."