கொம்பு ஸ்டேக்கும் எப்சியின் கல்யாணமும்

புத்திவிளை என்றொரு ஊர். பெயர் வைத்த புண்ணியவான் ஊரை நேரில் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். அங்கே ஞானசிகாமணி, வேதக்கண், யோவேல் என்று மூன்று அண்ணன்மார். அவர்களுக்கு எப்சி என்று ஒரே தங்கை. அந்த வீட்டுக்கு ஒதுக்கிய அறிவு மொத்தத்தையும் கடைசியாகப் பிறந்தவளே வாங்கிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு. அண்ணன்மாருக்கு அதில் வருத்தம் கிடையாது.

எப்சிக்கு ஜெபசிங்கைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் அவனைத்தான் என்று சொல்லியும்விட்டாள். குறுக்கே நின்றது ஜெபசிங்கின் அப்பா ரசலையன். வாழ்நாளெல்லாம் கப்பலில் சமையல்காரராக இருந்து வெள்ளைக்காரர்களுக்கு ஸ்டேக் என்று மாட்டிறைச்சியைத் துண்டு துண்டாகச் சுட்டுப் போட்டவர்.

"பொண்ணு வீட்டுல எனக்குக் கேசரி, வடை ஒண்ணும் வேண்டாம். ஒரு சர்லாயின் ஸ்டேக் சுட்டுத் தந்தா போதும். சொன்னபடி செய்யுத குடும்பமாண்ணு அதுலயே தெரிஞ்சிரும். சரியில்லைண்ணா சம்பந்தமும் இல்ல" என்று சொல்லியனுப்பிவிட்டார். பத்துப் பொருத்தத்தை ஒரே துண்டு இறைச்சியில் பார்த்துவிடும் மேதை அவர்.

பக்குவத்தையும் அவரே போனில் சொன்னார். ஒரே போனில் மூன்று காதுகளும் முட்டிக்கொண்டு கேட்டன.

"நல்லா கேட்டுக்கிடுங்க, மக்கா. மாட்டுல கழுத்து, தொடை, கெண்டைக்காலு எல்லாம் உழைச்சு உழைச்சு இறுகின எறச்சி. அது கொழம்புக்கு. மெல்லத் தீயில நேரமெடுத்து வச்சாத்தான் வழிக்கு வரும். சர்லாயின் முதுகோட பின்பக்கம், இடுப்பை ஒட்டி இருக்கும். அங்க வேலை கொறவு, அதனால மெத்துண்ணு இருக்கும். பிரிட்ஜில இருந்து முன்கூட்டியே வெளிய எடுத்து வைங்க. ஈரம் போகத் துடைங்க. சட்டி புகையணும். ஒரே ஒரு தடவதான் திருப்பிப் போடணும். எறக்கின பொறவு கொஞ்ச நேரம் தொடப்பிடாது."

ரசலையன் வருகிற நாளில் எப்சிக்கு ஆஸ்பத்திரி வேலையில் லீவு கிடைக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கெஞ்சினாள். "அண்ணன்மாரே, அவரு சொன்னத அப்படியே செய்யுங்க. சொந்தமா மட்டும் யோசிக்காண்டாம். என் வாழ்க்கையே இதுலதான் கிடக்கு." தங்கை மேல் அவர்களுக்கு உயிர். அதனால் கடை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார்கள்.

இறைச்சிக்கடை சைமன் முதுகுப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இதுதான் நீங்க கேட்ட சர்லாயின். பாருங்க, வெள்ளை வெள்ளையா கொழுப்பு ஓடுது. சட்டியில போட்டா அந்தக் கொழுப்பே உருகி ருசி குடுக்கும்."

வேதக்கண் முகத்தைச் சுளித்தார். "வேலை கொறவுண்ணா, கொஞ்சமாவது வேலை செஞ்சிருக்குண்ணுதான அர்த்தம்? வேலையே செய்யாத இடம் இல்லியா?"

"உள்பக்கம் டெண்டர்லாயின் உண்டு. அது இதவிட மெத்து, ஆனா ருசி இத்தன வராது. அதையும் ஓட்டல்காரன் காலையிலயே கொண்டுபோயாச்சு."

அண்ணன்மார் கடை வாசலிலேயே மாநாடு கூட்டினார்கள்.

"வாலு?" என்றார் ஞானசிகாமணி.

"ஈ ஓட்டும்" என்றார் வேதக்கண்.

"நாக்கு?"

"அசைபோடும். ராவும் பகலும் அதுக்கு டூட்டி."

"காது?"

"ஆட்டிக்கிட்டே இருக்கும்."

யோவேல் தொண்டையைச் செருமினான். "அண்ணா, கொம்பு?"

மூவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கொம்பு நடக்காது, வண்டி இழுக்காது, அசைபோடாது. "முட்டுமே?" என்று சந்தேகப்பட்டார் வேதக்கண். "முட்டுறது தலை. கொம்பு சும்மா முன்னால நிண்ணு பேர் வாங்கும்" என்று ஞானசிகாமணி தீர்ப்பளித்தார்.

சைமன் விரற்கடைப் பருமனுக்கு நல்ல சர்லாயினாக வெட்டிப் பொதிந்தார். தொல்லை விட்டால் போதும் என்று மூலையில் கிடந்த ஒரு கொம்பையும் கழுவிச் சும்மா கொடுத்தார். பொதியைக் கையில் வாங்கியதும் அண்ணன்மாருக்கு அடுத்த கவலை வந்துவிட்டது.

"பிரிட்ஜில இருந்து வெளிய எடுக்கணும்னாரு. உள்ள வைக்காம எப்படி வெளிய எடுக்கது?" என்றார் வேதக்கண். நியாயமான கேள்வி. வீட்டிலோ பிரிட்ஜ் இல்லை. கடற்கரை ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோய், மீனுக்கு நடுவில் புதைத்து வைத்து, அது பாறையானதும் வெற்றியோடு வெளியே எடுத்தார்கள்.

அடுத்தது ஈரம் துடைக்க வேண்டும். துடைத்தார்கள். ஐஸ் உருகி மறுபடி ஈரம் வந்தது. துண்டு நனைந்தது, போர்வை நனைந்தது, ஞானசிகாமணி கோயிலுக்கு உடுத்தும் வேட்டியும் நனைந்தது.

"தொடைக்கத் தொடைக்க வருதே" என்று மூச்சு வாங்கினான் யோவேல்.

வேதக்கண் குனிந்து உற்றுப் பார்த்தார். "லே, இது தண்ணி இல்ல. வேர்வை. உழைக்காத எறச்சி எதுக்குலே வேர்க்குது?"

மூவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. சைமன் தொடைக்கறியைத் தலையில் கட்டிவிட்டான், பாவி! நல்லவேளையாகக் கொம்பு இருந்தது. அதைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பொட்டு வேர்வை இல்லை.

ஆகவே சர்லாயினைக் கண்டதுண்டமாக வெட்டி, தேங்காய் வறுத்தரைத்து, குழம்புக்குக் குக்கரில் ஏற்றினார்கள். எத்தனை விசில் என்று ரசலையனிடம் கேட்க விட்டுப்போயிற்று. அதனால் குக்கர் தானாக ஓயும்வரை விசிலடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கொம்பைப் புகையும் சட்டியில் போட்டு, சொன்னபடி ஒரே ஒரு தடவை திருப்பினார்கள். முடி கருகுகிற நாற்றம் தெருவை நிறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து ரசலையனும் ஜெபசிங்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பின்னாலேயே எப்சியும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஞானசிகாமணி பெருமையோடு பீங்கான் தட்டை வைத்தார். அதில் கறுத்துப்போன கொம்பு கிடந்தது, பக்கத்தில் ஒரு முள்கரண்டி.

ரசலையன் கரண்டியால் தட்டினார். டொக்கென்றது.

"இது என்னது?"

"ஸ்டேக்கு, மாமா. வேலையே செய்யாத இடமாப் பாத்து வாங்கினோம்."

எப்சி தலையில் கைவைத்தாள். கல்யாணம் அந்தத் தட்டிலேயே கருகிக் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் குக்கரைத் திறந்து, குழம்பைச் சோற்றில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். பசியோடு வந்தவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கண் விரிந்தது.

"இது சர்லாயின்லா! சர்லாயினப் போய்க் கொழம்பு வச்ச பாவிகளா!" என்று கத்தினார். கத்திக்கொண்டே இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினார். பிறகு கையை நக்கியபடி சொன்னார்: "ஸ்டேக் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு, பிள்ள. எனக்குச் சம்மதம்."

எப்சிக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் அது புத்திவிளையே இல்லை. ஞானசிகாமணி எழுந்து நின்றார்.

"எங்களுக்கும் கேக்க உண்டு, மாமா. மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"விடியுமுன்ன ரப்பர் பால் வெட்டுவான். பொறவு பொழுதடையும்வரை ஆட்டோ ஓட்டுவான்" என்றார் ரசலையன் பெருமையாக.

அண்ணன்மார் முகம் வெளிறிவிட்டது. வேதக்கண் போய் ஜெபசிங்கின் கையை அமுக்கிப் பார்த்தார். "இறுகிப் போச்சு" என்றார் துக்கத்தோடு. சட்டிச் சூட்டிலும் பயத்திலும் நனைந்திருந்த அவன் நெற்றியை யோவேல் சுட்டிக்காட்டினான். "வேர்க்கவும் செய்யுது, அண்ணா."

"மன்னிக்கணும், மாமா" என்று கைகூப்பினார் ஞானசிகாமணி. "ஒரே தங்கச்சி. இத நம்பிக் குடுக்க முடியாது."

ரசலையன் எழுந்து செருப்பைத் தேடினார். எப்சி மட்டும் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அவர்களோடு எந்த வழியில் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, இறுகின எறச்சிய என்ன செய்யணும்னு மாமா சொன்னாரு?"

ஞானசிகாமணி ஜெபம் சொல்வதுபோல் ஒப்பித்தார். "மெல்லத் தீயில, நேரமெடுத்து வச்சாத்தான் வழிக்கு வரும்."

"வாழ்நாள் பூரா எங்கிட்டதான கிடக்கப் போறாரு? நான் மெல்லத் தீயிலயே வச்சுக்கிடுதேன்."

ஜெபசிங் நெற்றியை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டான். அண்ணன்மார் மூலையில் கூடித் தலைகளை முட்டிக்கொண்டு நெடுநேரம் குசுகுசுத்தார்கள். கடைசியில் ஞானசிகாமணி திரும்பி வந்து ரசலையன் கையைப் பிடித்தார்.

"சரி மாமா, கல்யாணத்த வச்சிரலாம். ஆனா போன தடவ கேக்காம விட்டது தப்பாப் போச்சு, இப்பவே கேட்டுக்கிடுதோம். மாப்பிள்ளைக்கு எத்தன விசில்?"