சத்தம் போடாத சோதனை

கடலோர ஊர் ஒன்றில் மைக்செட் வாடகைக்கு விடும் பிலோமி என்றொருத்தி இருந்தாள். மாதாகோயில் திருவிழா வேலை கிடைத்தால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். கமிட்டித் தலைவர் தல்மேதாவுக்கோ அதைத் தன் மச்சினனுக்குக் கொடுக்க ஆசை.

மணல் பொன்னாகக் கிடந்த ஒரு சாயங்காலம், மச்சினனின் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியையும் பிலோமியின் பழைய பெட்டியையும் கோயில் முற்றத்தில் வைத்தார்கள்.

"உள்ள தியானம் நடக்கு. பாட்டு, பேச்சு ஒண்ணும் போடக்கூடாது. உன் பெட்டிதான் நல்லதுன்னு இப்பவே காட்டு, பாப்போம்" என்றார் தல்மேதா, மீசையைத் தடவிக்கொண்டே.

"சரிங்கய்யா. எல்லாரும் கண்ண மூடிக்கிடுங்க" என்றாள் பிலோமி.

முதலில் மச்சினனின் பெட்டியைப் போட்டு, வால்யூமை முழுசாக ஏற்றினாள். பாட்டில்லாமலே அது எண்ணெயில் மீன் பொரிவதுபோல் இரைந்தது. கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதை அணைத்தாள்.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த அமைதிக்குள் அலை வந்து மணலில் கரைவது கேட்டது. தென்னங்கீற்றுகள் உரசின. தூரத்தில் ஏதோ படகின் கயிறு முனகியது. கண்ணைத் திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கனவில் மிதப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் பெட்டிய எப்பம்மா போடப்போற?" என்று தூக்கக் குரலில் கேட்டார் தல்மேதா.

பிலோமி மைக்கை எடுத்துக் கிசுகிசுத்தாள். பழைய பெட்டியிலிருந்து அவள் குரல் ஒவ்வொருவர் காதோரமும் வந்து நின்றது.

"முழுசா ஏத்தி வச்சு ரொம்ப நேரமாச்சுங்கய்யா."

வேலை அவளுக்கே என்று அங்கேயே முடிவாயிற்று. தல்மேதா மட்டும் மச்சினன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.