பாரிசில் கழித்த திருஷ்டி

சிரிப்பு வரப்போகிறது, வயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது இல்லை. முதலில் நூல்காரன் முடிச்சுப் போட்டு முடிக்கட்டும்.

பாரிசில் ஜூலை மாதக் கூட்டம். "ஏமாத்துக்காரங்க ஜாஸ்தி, எவன்கிட்டயும் கையை நீட்டாதீங்க!" என்று பஸ் முழுக்க முழங்கியவர் டூர் மேனேஜர் ஜெகவீரன். தேவாலயப் படியில் ஒருவன், "ஃப்ரீ, மை ஃப்ரெண்ட், ஃப்ரீ!" என்று குழைந்ததும் அவரே கையை நீட்டிவிட்டார். விரலில் வண்ண நூலை இறுக்கிக் கட்டியவன், "முப்பது யூரோ!" என்று பிடித்த பிடியை விடவில்லை.

"சொர்ணக்கிளி! காசு குடுக்காம என்னை மீட்டுடு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று குழுவின் சமையல்காரியிடம் அலறினார்.

அவள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். "ஃப்ரீ, மை ஃப்ரெண்ட், ஃப்ரீ!" என்று அதே குழைவோடு நூல்காரன் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்து, நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். அவனுக்கு ஒரே குஷி. படத்துக்காக மேனேஜரை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். ஜெகவீரன் ஓட்டம் பிடித்தார்.

கூப்பிய கைகளைச் சொர்ணக்கிளி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அறுபது யூரோ!"

"ஃப்ரீ...?" என்று இழுத்தவனுக்கு, அப்போதுதான் உறைத்தது.