கடைக்குப் போன ஹால்

கொழிஞ்சிக்காட்டுவலசில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

மூத்தவன் செங்கோடனுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் பெண் அமையவில்லை. ஏழு இடம் வந்து போயிருந்தது. ஏழாவது இடத்துக்காரர், “கொஞ்சம் பொறுங்க, சொல்லி அனுப்பறோம்” என்றார். செங்கோடன் அவர் வீட்டு வாசலிலேயே நாலு நாள் பொறுத்திருந்தான். அதோடு அந்த இடமும் போயிற்று.

எட்டாவதாக ஒரு திங்கட்கிழமை வந்தவர் அவிநாசியப்பன். பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவருக்கு ஹால் இருட்டில் மாப்பிள்ளையே தெரியவில்லை. பத்து நிமிஷம் நெல் மூட்டையோடு பேசிவிட்டு எழுந்தார்.

“மூஞ்சி தெரியலீங்களே! நல்ல விளக்கா ஒண்ணு போடுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். இதே ஹால்ல, விளக்கு வெளிச்சத்துல மாப்பிள்ளையைப் பார்த்துட்டுத்தான் முடிவு.”

செங்கோடன் விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். இதுவும் போனால் ஒன்பதாவது இடம் வருமா என்பது சந்தேகம். மத்தியானமே தம்பிகளைக் கூட்டிக்கொண்டு டவுனில் சாகுல் பாய் விளக்குக் கடைக்குப் போனான்.

“ஹால் சுவர் என்ன கலருங்க?” என்றார் பாய்.

“பச்சை” என்றான் நடுவன் காளியண்ணன்.

“அந்த இருட்டுல பச்சைன்னு உனக்கெப்படித் தெரியும்?” என்றான் கடைசித் தம்பி நாச்சிமுத்து.

“தொட்டுப் பார்த்தேன். பச்சையாட்டந்தான் இருந்துச்சு.”

“நானும் தொட்டேன். எனக்கு மஞ்சளாட்டம் இருந்துச்சு.”

“சண்டை வேண்டாம். வெளிர் சுவருக்கு ஒரு விளக்கு, அடர்த்திக்கு வேற விளக்கு. சுவத்தைக் கண்ணால பார்க்காம நான் விளக்கு சொல்ல மாட்டேன்” என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து மூவரும் யோசித்தார்கள்.

“பாய் இங்க வந்துட்டா கடையை யாரு பார்க்கிறது?” என்றான் நாச்சிமுத்து.

“அப்ப சுவர்தான் போகணும்” என்றான் காளியண்ணன். “அதுக்கு இங்க என்ன வேலை? சும்மாதானே நிக்குது.”

இதில் குற்றம் சொல்ல செங்கோடனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடப்பாரையை எடுத்துக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேற்குச் சுவர் டிராக்டரில் டவுனுக்கு வந்து இறங்கியது. சுவர் பச்சையுமில்லை, மஞ்சளுமில்லை, நீலம். பாய் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இவர்களைப் பார்த்தார்.

“ஏன், மத்த மூணு சுவரும் என்ன பாவம் பண்ணுச்சு? அதையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே!” என்றார்.

செங்கோடனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “பெரிய மனுசன் சொல்றது நியாயந்தானேடா? ஒண்ணை மட்டும் கொண்டு வந்தா மத்தது என்ன நினைக்கும்?” என்று தம்பிகளைக் கடிந்துகொண்டான்.

புதன்கிழமை மூன்று சுவர்களும் வந்தன. கூடவே கதவும் வந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“கூரை மட்டும் அங்க எதுக்கு நிக்குது?”

“நிக்கலீங்க பாய். ரெண்டாவது சுவர் கிளம்பும்போதே அது விழுந்துருச்சுங்க.”

அதற்குமேல் பாய் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் அடுப்படியும் வந்துவிடும் என்ற பயம். கடைக்குள் பாதி இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். வியாழக்கிழமை பூராவும் மூவரும் நாலு சுவரையும் அங்கே அடுக்கி நிறுத்திக் கதவையும் மாட்டினார்கள். பாய் ஒவ்வொரு விளக்காகத் தொங்கவிட்டார். குழல் விளக்கில் நீலச் சுவருக்கு நடுவே செங்கோடன் காய்ச்சல்காரன் மாதிரி இருந்தான். கடைசியில் உருண்டைக் கண்ணாடி போட்ட மஞ்சள் விளக்கில் அவன் முகம் அப்படி ஒரு களையோடு தெரிந்தது. மீசைகூட அடர்த்தியாகத் தெரிந்தது. காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இதுதான் பொருத்தம். கழட்டிக் கட்டித் தரட்டுமா?” என்றார் பாய்.

“பொருத்தமா இருக்கிறதை எதுக்குங்க பாய் கழட்டணும்?” என்றான் செங்கோடன்.

வெள்ளிக்கிழமை அவிநாசியப்பன் வந்தபோது, வெட்டவெளித் தரையில் ஜமக்காளம் விரித்து மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயிலில் மாப்பிள்ளையின் மூஞ்சி வேர்வைத்துளி முதற்கொண்டு தெரிந்தது.

“மூஞ்சி தெரியுது. ஹால் எங்கீங்க மாப்பிள்ளை?”

“விளக்குக் கடைக்குப் போயிருக்குதுங்க மாமா.”

அவிநாசியப்பன் மோவாயைத் தடவினார். செங்கோடன் அவர் வாயையே பார்த்தான்.

“எப்பத் திரும்பி வரும்?”

“அதுக்கு அங்கதானுங்க பொருத்தமா இருக்குது.”

“அப்ப நாமதான் போகணும். இதே ஹால்லன்னு சொல்லிட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்.”

இப்படியொரு மாமனார் கிடைப்பார் என்று செங்கோடன் கனவிலும் நினைத்ததில்லை.

எல்லோரும் டிராக்டரில் ஏறி டவுனுக்குப் போனார்கள். அவிநாசியப்பன் கதவைத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். அதன் கீழே மாப்பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதே ஹால்தான். வெளிச்சமும் சரி, மாப்பிள்ளையும் சரி” என்றார். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. கூறைச் சேலையில் தொடங்கி, பந்திக்கு எத்தனை பாய் விரிப்பது என்பதுவரை வந்தும் முடிகிறபாடாக இல்லை.

கடை அடைக்கிற நேரமாயிற்று. சாகுல் பாய் கையில் சாவியை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். இருமினார். சாவியைக் குலுக்கினார்.

அவிநாசியப்பன் செங்கோடன் காதோரம் குனிந்தார். “ஆருங்க மாப்பிள்ளை இவரு? நாம வந்ததுலிருந்து உங்க ஹால்லயே நிக்கிறாரு?”

செங்கோடனுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாமனார் முன்னால் மரியாதை தவறக்கூடாது. எழுந்து போய் பாயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பாய், வந்தவரை நானா போங்கன்னு சொல்லக் கூடாது. ஆனா நேரமாச்சு, உங்க வீட்ல தேடுவாங்க. இன்னொரு நாளைக்குச் சாவகாசமா வாங்க. இதை உங்க வீடாட்டம் நினைச்சுக்குங்க.”