முதல் நாளே பன்னிரண்டாம் ஆண்டு

1660ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி இரண்டாம் சார்லஸ் லண்டன் நகருக்குள் நுழைந்தார். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் இங்கிலாந்தில் மன்னர் இல்லை. அந்த ஆண்டின் சட்டங்களில், அது அவருடைய ஆட்சியின் பன்னிரண்டாம் ஆண்டு என்று எழுதப்பட்டிருக்கிறது.

முன்னொரு காலத்தில் வேறொரு நாட்டிலும் இப்படி நடந்தது. அங்கேயும் பழைய மன்னரின் தலையை வெட்டினார்கள். இளவரசர் கப்பலேறித் தப்பினார். ஊர்கள்தோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சபை அமைத்தார்கள். அதுவே நாட்டை ஆண்டது. சபை அமைந்த நாளில் தலைநகரின் கடைத்தெருவில் கற்பூரம் கொளுத்தி, "இனி இந்த மண்ணில் மன்னர் இல்லை" என்று எல்லாரும் அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, சபைக்குள் சண்டை முற்றி, அவர்களே ஆள் அனுப்பி இளவரசரை அழைத்தார்கள். அவர் துறைமுகத்தில் இறங்கிய அன்று ஊரே திரண்டு வாழ்த்தியது. கடைவாசல்களில் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்த அரச சிங்க முத்திரைகளைச் சுரண்டி வெளியே எடுத்திருந்தார்கள். வாழ்த்தியவர்கள் எல்லாரும் நேராக முன்னால் பார்த்தே வாழ்த்தினார்கள். பக்கத்தில் நின்றவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கற்பூரத்தில் கையடித்தபோதும் அவர்தான் பக்கத்தில் நின்றிருந்தார்.

முடிசூடியதும் மன்னர் கேட்டார்: "நாம் எத்தனை ஆண்டுகளாக ஆள்கிறோம்?"

"இன்று முதல் நாள், பெருமானே" என்றார் புரோகிதர். மன்னரின் முகம் வாடியது.

அமைச்சர் மழவராயர் முன்னால் வந்தார். "தங்கள் தந்தையாரின் மூச்சு நின்ற நொடியிலேயே தங்கள் ஆட்சி தொடங்கிவிட்டது. இது பன்னிரண்டாம் ஆண்டு."

"அப்படியானால் இடையில் இருந்தது?"

"இடையில் ஒன்றும் இருக்கவில்லை."

மன்னருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அரண்மனை வாசலில் 'யாண்டு பன்னிரண்டாவது' என்று கல்லில் வெட்டினார்கள். சபை என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. மறுநாள் கட்டியக்காரன் பழக்கத்தில் "சபையோர் கவனிக்க" என்று தொடங்கப்போய், பாதியை விழுங்கிக்கொண்டு, "யோர் கவனிக்க" என்றான்.

"மன்னா, யோர் எல்லாரும் வந்துவிட்டோம்" என்றான் விகடகவி நக்கன். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பழைய மன்னரையும் சிரிக்க வைத்தவன்தான் நக்கன். அவர் தலை போனபின் சபையையும் சிரிக்க வைத்தான். சில நாட்களில் அந்தத் தலையைச் சொல்லியே. அவனுக்கு மறுபடியும் அரண்மனையில் இடம் கிடைத்ததும், தான் அருகில் நிற்கையில் மன்னர் அவன் பக்கம் திரும்பிச் சிரித்ததும் மழவராயருக்குப் பொறுக்கவில்லை.

நக்கனுடைய மனைவியின் அண்ணன் வெண்காடன். சபைக் காலத்தில் ஆற்றுப்பாசன அதிகாரியாக இருந்தவர். அரண்மனைப் பெருங்குளத்தின் மடையைத் திறந்து கீழ்க்கரை ஊர்களின் வயல்களுக்கு நீர் விட்டார். மன்னருக்கு மட்டுமே உரிய அதிகாரத்தைக் கையில் எடுத்ததாகக் குற்றம் சாட்டி மழவராயர் அவரைச் சிறையில் அடைத்தார். அதற்குத் தண்டனை கழுமரம்.

"தீர்ப்பை நக்கனே சொல்லட்டும், பெருமானே" என்றார். "அவனுடைய விசுவாசம் தங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும். தடை செய்த சொல் தீர்ப்பில் வரக் கூடாது."

மன்னருக்கு வேடிக்கை பார்க்க ஆசை. "நாளை சொல்" என்றார்.

கழுவில் ஏற்றச் சொன்னால் நக்கனுக்கு வீடு இல்லை. விட்டுவிடச் சொன்னால் அரண்மனை இல்லை. அடுத்த கழுமரம் அவனுக்கு. நண்பகலில் சோற்றுப் பொட்டலத்தோடு சிறைக்குப் போனான்.

வெண்காடன் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்லையே" என்றார்.

"சத்திரத்துச் சோறு, மச்சான். உங்க தங்கச்சி ரெண்டு நாளா அடுப்புப் பத்த வைக்கலை."

"அதைச் சொல்லி என்னைக் கட்டிப்போடாதீங்க."

"நாளைக்கு நீங்க வாயைத் திறக்காம நின்னாப் போதும். மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"எதுக்கு வாயைத் திறக்கக் கூடாது?"

"மடையை யார் சொல்லித் திறந்தீங்கன்னு கேட்டா."

"சபை சொல்லித் திறந்தேன். அரண்மனைத் தாமரைக்கு நிக்கிற தண்ணி நாத்துக்குப் போகட்டும்னு எல்லாரும் கையைத் தூக்கினாங்க. நான் பொறந்து செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. செய்யலைங்கவா?"

"செய்யலைன்னு சொல்ல வேண்டாம். சும்மா இருங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்." வெண்காடன் இலையை மடித்தார். "அன்னிக்கு நீங்களும்தான் கையைத் தூக்கினீங்க, மாப்ளே. முதல் வரிசையில இருந்தீங்க."

நக்கன் மடித்த இலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள் அரசவை நிறைந்திருந்தது. வெண்காடனைக் கை கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

"அமைச்சரே, மடை திறந்தது எப்போது?" என்று நக்கன் கேட்டான்.

"ஆறு ஆண்டுகளுக்கு முன்."

"ஆட்சியாண்டில் சொல்லுங்கள். வாசலில் கல் வெட்டியது நீங்கள்."

மழவராயர் மனக்கணக்குப் போட்டார். "ஆறாம் ஆண்டில்."

"ஆறாம் ஆண்டில் நாட்டை ஆண்டவர் யார்?"

"நம் மன்னர்."

"வேறு யாராவது?"

மழவராயர் வாய் திறந்தார். வரவிருந்த சொல் தடை செய்த சொல் என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் மன்னரின் மீசை துடித்தது.

"அப்படியானால் பெருங்குளத்து மடையைத் திறக்க ஆணையிடக்கூடியவர் மன்னர் ஒருவரே. திறந்த மடை இன்றுவரை திறந்தே இருக்கிறது. மன்னர் விரும்பாத மடை அவருடைய ஆட்சியில் இத்தனை ஆண்டு திறந்து கிடக்குமா? வெண்காடன் அரசருடைய ஊழியர். ஆணைப்படி நடந்தார். இதுதான் தீர்ப்பு."

"அப்போது மன்னர் கடலுக்கு அப்பால் இருந்தார்" என்றார் மழவராயர்.

"இருந்தாரா, ஆண்டாரா? ஒன்றைச் சொல்லுங்கள். இருந்தார் என்றால் கல்லைத் திருத்தச் சிற்பிக்கு ஆள் அனுப்பலாம்."

மழவராயருக்குக் கோபம் தலைக்கேறியது. "பெருமானே, இந்த வெண்காடன் மன்னர் இல்லை என்று கற்பூரத்தில் கையடித்தவன்."

"எந்த ஆண்டில்?" என்றான் நக்கன்.

மழவராயர் மன்னரைப் பார்த்தார்.

"நானே சொல்கிறேன். முதலாம் ஆண்டில். மன்னர் ஆண்டுகொண்டிருக்கும்போதே, கடைத்தெருவில், பட்டப்பகலில். அப்பட்டமான ராஜத்துரோகம். சரி, கற்பூரம் ஏற்றி, சத்திய வாசகத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தவர் யார், அமைச்சரே?"

சொல்லிக்கொடுத்தவர் மழவராயர். அவையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும், ஏனென்றால் எல்லாரும் அவருக்குப் பின்னால் சொன்னவர்கள். சேனாதிபதி தம் வலக்கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். புரோகிதர் தரையைப் பார்த்தார். கட்டியக்காரன் கோலைக் கைமாற்றினான்.

மன்னர் மெதுவாக அவையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "நீயும் அங்கே இருந்தாயா, நக்கா?" என்றார்.

"கூட்டம் அதிகம், மன்னா. முகங்கள் தெரியவில்லை. கைகள் மட்டும்தான் தெரிந்தன."

மன்னர் சிரித்தார். கொஞ்ச நேரம் அவர் ஒருவர்தான் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், மழவராயரும் சிரித்தார்.

"வெண்காடரே, நம் ஆணைப்படிதானே திறந்தீர்?" என்றார் மன்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெண்காடன் நக்கனைப் பார்த்தார். நக்கன் தூணைப் பார்த்தான். வெண்காடன் ஒன்றும் சொல்லாமல் தலை குனிந்தார். அவை அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டது.

கட்டுகளை அவிழ்த்தார்கள். மன்னர் தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்து, நக்கனுக்குப் போர்த்தும்படி மழவராயரிடம் கொடுத்தார். அவர் போர்த்தினார்.

வாசல்வரை நக்கனும் வெண்காடனும் சேர்ந்து நடந்தார்கள்.

"நல்லாப் பேசினீங்க, மாப்ளே" என்றார் வெண்காடன்.

"உயிரோட வந்துட்டீங்கல்ல, மச்சான்."

"வந்துட்டேன். ஊருக்குப் போனா, தண்ணி யார் குடுத்ததுன்னு புள்ளைங்க கேக்கும். என்ன சொல்றது?"

நக்கன் சால்வையைச் சரிசெய்துகொண்டான். வெண்காடன் படகுத்துறைப் பக்கம் போனார்.

அடுத்த ஆனியில் மழை பிந்தியது. அரண்மனைக் குளத்தில் தாமரை வாடியது. மன்னர் கொடுத்த நீரை மன்னர் நிறுத்திக்கொள்ளலாம் என்று மழவராயர் எடுத்துச் சொன்னார், மன்னரும் ஒப்புக்கொண்டார். கீழ்க்கரை ஊரார் முறையிட வந்தார்கள். நீரை உங்களுக்கு உரிமையாக்கியது யார் என்று அவையோர் கேட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பதால் ஊரார் பேசாமல் நின்றார்கள். நக்கன் அன்று அவையில் இருந்தான்.

மடை மூடப்பட்டது. கீழ்க்கரை ஊர்களில் அந்த ஆண்டு நடவு நடக்கவில்லை.