தாருக்கும் தேரிக்கும் ஒரு சைக்கிள்

"ஒரு சைக்கிள் வாங்கணும், தாயே. எதை வாங்க?"

கேட்டவர் லிங்கத்துரை. வயது ஐம்பத்தைந்து. கருப்பட்டிக் கிட்டங்கியில் எடை போடுகிறவர்.

கேட்கப்பட்டவள் உலகம்மாள். தார் ரோடு முடிந்து செம்மணல் தேரி தொடங்கும் இடத்தில் அவள் மடம். மடம் என்றால் ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு தண்ணீர்ப் பானை. அவ்வளவுதான். லிங்கத்துரையைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் தாயே என்பார். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

அவள் தண்ணீர் மோந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஒல்லி டயர்னா தார்ல பறக்கும். மணல்ல இறங்குனா ரிம்மு வரைக்கும் புதையும். தடி டயர் மணல்ல போகும். ஆனா தார்ல எதிர்காத்துக்கு மிதிச்சா ஆட்டுரலைக் கட்டி இழுக்குத மாதிரி இருக்கு."

"எங்க போகணும்?"

தெரிந்துதான் கேட்டாள். கிட்டங்கியும் வீடும் தாரின் அந்தத் தலையில். மனைவி சொர்ணக்கனி தேரிக்கு அப்பால், வைத்தியம் கைவிட்டவர்களை வைத்துப் பார்க்கும் விடுதியில். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து இவர் நடந்து போய்ச் சேரும்போது பூட்டியிருக்கும். ஜன்னலில் ஒரு கை தெரியும். இவரும் கை காட்டுவார். திரும்பி நடப்பார்.

"நான் என்ன சைக்கிள் கடையா வச்சிருக்கேன்? குடிச்சாச்சுல்லா, நடங்க."

மறுவாரம் வந்தார்.

"ரெண்டுக்கும் நடுவாந்தரமா ஒரு டயர் இருக்காம்."

"வாங்க வேண்டியதுதானே."

"நடுவாந்தரம்னா ரெண்டுலயும் அரைகுறைதானே, தாயே."

அப்புறம் கியர் பற்றி வந்தார். பல்லுக்குள் மணல் போனால் என்ன ஆகும் என்று. அப்புறம் சீட்டின் உயரம். "பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தனை தடவை வந்து பாக்க மாட்டான், அண்ணாச்சி" என்றானாம் கடைக்காரன். அதையும் வந்து சொன்னார்.

சொல்லிவிட்டு அழுதார்.

"முகம் மறந்துரும்போல இருக்கு. கைதான் தெரியுது. அதுவும் இப்ப மெலிஞ்சுட்டு."

உலகம்மாள் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். மடத்துக்குத் தண்ணீர்க்குடம் ஏற்றுகிற சைக்கிள். முன் டயர் தடி. பின் டயர் ஒல்லி, வழுக்கையாகத் தேய்ந்தது.

"இது ரோட்டுக்கா, மணலுக்கா?"

"ரெண்டுக்கும் ஆகாது. எடுத்துட்டுப் போங்க."

"பாதி வழியில நின்னுட்டா?"

"இறங்கித் தள்ளுங்க. தேரியில எவன் மிதிக்கான்? எல்லாவனும் தள்ளிட்டுத்தான் போறான்."

அவர் கை நீட்டவில்லை. பின்னால் இருந்த கேரியரையே பார்த்தார். குடம் வைக்கிற அகலக் கேரியர். ஆள் உட்காரலாம்.

உலகம்மாள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"என்னைக்காவது அந்தக் கேட்டு திறந்திருந்துதா, அண்ணாச்சி?"

"ஒரு நாள். கிட்டங்கி லீவு."

"அன்னைக்கு என்ன சொன்னா?"

அவர் ஏதோ முனகினார்.

"காதுல விழல."

"வைத்தியம் போதும்னா. வீட்டுலதான் கண்ணை மூடணுமாம். ஒரு சைக்கிள் வாங்கி, கல்யாணமான புதுசுல மாதிரி பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னா."

"அதுக்கப்புறந்தான் டயர் பாக்க ஆரம்பிச்சீங்களா?"

லிங்கத்துரை மணலில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழவில்லை.

உலகம்மாள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். கை வலித்திருக்கும். விடவில்லை.

மறுநாள் அவர் கிட்டங்கிக்குப் போகவில்லை.

வெயில் தாழ்ந்தபோது தேரியிலிருந்து வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின்சக்கரம் ரிம் வரை புதைந்து புதைந்து எழுந்தது. கேரியரில் சொர்ணக்கனி. துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஒரு குடத்தின் கனம்கூட இருக்காது.

"இந்த ஓட்டைச் சைக்கிளுக்கா இம்புட்டு நாளு பாத்தீங்க?" என்றாள் அவள். குரல் எழவில்லை. சிரித்தமாதிரி இருந்தது.

மணல் முடிந்தது. தார் வந்தது. இப்போது காற்றும் முதுகில்தான்.

லிங்கத்துரை ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார்.

உலகம்மாள் வெளியே வந்தாள்.

"தார் வந்தாச்சே, அண்ணாச்சி. ஏறி மிதிங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிதிச்சா வீடு வந்துரும், தாயே."